பிளேட்டிங் முடிந்த பிறகு 4 மணி நேரம்: ராணுவப் பாகம் செய்யும் சேலம் பட்டறைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜவ்வரிசி ஆலைக்கு ஷாஃப்ட், விசைத்தறிக்குப் பல்சக்கரம், லாரிக்கு புஷ் என்று ஓடிக்கொண்டிருந்த சேலத்து லேத் பட்டறைகளுக்கு இப்போது வேறு வகை வரைபடங்கள் வருகின்றன. டிரோன் காலுக்கான பூட்டுப் பின், ஏவுகலத் தாங்கிக்கான போல்ட், விரல் நீளம்கூட இல்லாத ஸ்பிரிங் கிளிப். தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரியில் தொடங்கப்பட்டபோது சென்னை, ஓசூர், கோவை, திருச்சியோடு சேலமும் அதன் ஐந்து மையங்களில் ஒன்றானது. வாய்ப்பு நல்லதுதான். ஆனால் புதிதாக இறங்குகிறவர்கள், முன்னால் இறங்கியவர்கள் விழுந்த அதே குழியில் போய் விழுகிறார்கள்.

மைக்ரோமீட்டரைச் சரிபார்ப்பது, டூல் தேய்மானத்தைக் கவனிப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அதெல்லாம் பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதி. தெரியாமல் நடப்பவை வேறு.

ஹீட் நம்பர் உள்ள முனையை முதலில் வெட்டுவது

ஆலையிலிருந்து வரும் கம்பியின் ஒரு முனையில்தான் ஹீட் நம்பர், அதாவது எந்த உருக்கில் வந்த எஃகு என்று சொல்லும் எண், அடித்திருக்கும். ரம்பத்தில் வைக்கிறவர் கைக்கு வாகாக அந்த முனையையே முதலில் வெட்டிவிடுவார். மீதி ஐந்து மீட்டர் கம்பி அந்த நொடியே அநாதையாகிவிடும். சோதனைச் சான்றிதழ் கோப்பில் இருக்கும், ஆனால் அது எந்தக் கம்பிக்கு உரியது என்று யாராலும் சொல்ல முடியாது. வெட்டுவதற்கு முன் மறு முனையிலும் எண்ணைப் பஞ்ச் செய்யுங்கள். வெட்டிய ஒவ்வொரு துண்டும் எண் எழுதிய தட்டில்தான் விழ வேண்டும்.

களத்தில் ஒரு பாகம் உடைந்தால் முதலில் எழும் கேள்வி, இது நாசவேலையா, தயாரிப்புக் குறையா என்பதுதான். விசாரிக்க வருகிறவர்கள் கேட்கப்போவதும் அந்த எண்ணைத்தான்.

பிளேட்டிங் செய்த கடின எஃகை நேரத்துக்குள் பேக்கிங் (ஓவனில் வைத்துச் சூடாக்குவது) செய்யாமல் விடுவது

இந்தக் கட்டுரையே இதற்காகத்தான். எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிற தவறு இது. ஒவ்வொரு முறையும் ஒரு முழு லாட் குப்பைக்குப் போகிறது.

கருப்பூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் நடந்ததைப் பாருங்கள். இஎன் 24 எஃகில் 400 பூட்டுப் பின்கள். ஹீட் ட்ரீட்மென்ட் முடிந்து கடினம் ராக்வெல் சி அளவில் 42. துத்தநாகப் பிளேட்டிங்குக்குக் கோவைக்குப் போயின. மாலை 6 மணிக்குத் தொட்டியிலிருந்து எடுத்து, மஞ்சள் பாசிவேஷனும் (துத்தநாகத்தின் மேல் ஏற்றும் குரோமேட் பாதுகாப்புப் படலம்) முடித்து, இரவு பார்சல் லாரியில் ஏற்றினார்கள். காலை 9 மணிக்குச் சேலத்தில் இறக்கி, பட்டறையின் சொந்த ஓவனில் 200 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தார்கள். அளவு சரி, கடினம் சரி, பூச்சுத் தடிமன் சரி. சான்றிதழில் ‘பேக்கிங் 24 மணி நேரம்’ என்று இருந்தது. வாங்கியவர் பொருத்தி இறுக்கிய மூன்றாம் நாள், யாரும் தொடாமலே சில பின்கள் தலை தெறித்து விழுந்தன.

காரணம் ஹைட்ரஜன். பிளேட்டிங்குக்கு முன் துருவை எடுக்க ஹைட்ரோகுளோரிக் ஆசிடில் முக்கும்போதே ஹைட்ரஜன் அணுக்கள் எஃகுக்குள் புகத் தொடங்கும். தொட்டியில் மின்சாரம் பாயும்போது, எதிர்முனையில் தொங்கும் உங்கள் பாகத்தின் மீது துத்தநாகத்தோடு சேர்ந்து ஹைட்ரஜனும் உண்டாகும். அதில் ஒரு பங்கு உள்ளே போகும். பூச்சு மூடிய பிறகு வெளியேற வழி குறைவு. பாகத்தை இறுக்கியதும், இழுவிசை அதிகமாக இருக்கும் இடத்தை நோக்கி இந்த அணுக்கள் மெல்ல நகரும். தலைக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள மூலை, மரையின் முதல் பள்ளம் இவைதான் அந்த இடங்கள். அங்கே எஃகின் மணிகளுக்கிடையே பிடிப்புத் தளர்ந்து, தாங்க வேண்டிய சுமையில் பாதிகூட வருவதற்குள் முறியும். உடைந்த முகத்தை லென்ஸில் பார்த்தால் கற்கண்டை உடைத்ததுபோல் மணி மணியாக மினுங்கும். இழுத்து அறுந்த எஃகில் தெரியும் மங்கலான நாரும் கழுத்துச் சுருக்கமும் இருக்காது.

முறிவு உடனே நடக்காது. சில மணி நேரம் ஆகலாம், சில நாள் ஆகலாம். அதனால் இறுதிப் பரிசோதனை மேசையில் இது பிடிபடவே படாது. அமெரிக்காவில் சான்ஃபிரான்சிஸ்கோ–ஓக்லாந்து பாலத்தில் 2013-ல் 96 நங்கூரக் கம்பிகளை இறுக்கினார்கள். இரண்டு வாரத்துக்குள் 32 கம்பிகள் முறிந்தன. அங்கும் ஹைட்ரஜன்தான் காரணம். மூன்று அங்குலத் தடிமன் கம்பிக்கே அந்தக் கதி.

கொலுசுக்கும் பித்தளைக்கும் முலாம் பூசிப் பழகிய கை இங்கே ஏமாறும். வெள்ளியும் பித்தளையும் மென் உலோகங்கள், அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. சாதாரண மைல்டு ஸ்டீலும் தப்பிவிடும். வலு ஏற ஏறத்தான் ஆபத்து. எஃகின் இழுவலுவை அளக்கும் மெகாபாஸ்கல் கணக்கில், சில விதிமுறைகள் 1000-லும் சில 1200-லும் கோடு போடுகின்றன. உங்கள் ஆர்டரில் எது குறிப்பிடப்பட்டிருக்கிறதோ அதுதான் உங்களுக்குச் சட்டம். ராக்வெல் சி 40 என்றால் ஏறத்தாழ 1250 மெகாபாஸ்கல் என்று நினைவில் வையுங்கள். 12.9 கிரேடு போல்ட், ஸ்பிரிங் வாஷர், சர்க்கிளிப், கேஸ் ஹார்டனிங் (மேற்பரப்பை மட்டும் கடினமாக்குவது) செய்த பூட்டுப் பின்கள் எல்லாம் இந்த வரம்புக்குள் வருபவை.

செய்ய வேண்டிய வரிசை இது. கிரைண்டிங் செய்த கடினப் பாகமாக இருந்தால் பிளேட்டிங்குக்கு முன்பே ஸ்ட்ரெஸ் ரிலீவ் (சூடாக்கி உள் இறுக்கத்தைத் தணிப்பது) செய்யுங்கள். துருவை ஆசிடில் எடுப்பதைவிட ஷாட் பிளாஸ்டிங்கில் எடுப்பது நல்லது. ஆசிட் தவிர்க்க முடியாதென்றால் இன்ஹிபிட்டர் (ஆசிட் எஃகை அரிப்பதைக் குறைக்கும் மருந்து) கலந்து, முக்கும் நேரத்தை முடிந்தவரை குறையுங்கள். எலக்ட்ரோ கிளீனிங்கில் பாகத்தை நேர்முனையில் மாட்டச் சொல்லுங்கள். எதிர்முனையில் மாட்டினால் சுத்தம் செய்யும்போதே ஹைட்ரஜன் ஏறும். தொட்டியிலிருந்து வெளியே எடுத்த 4 மணி நேரத்துக்குள் பாகம் ஓவனுக்குள் இருக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. வெப்பம் 190 முதல் 220 டிகிரி. 1000 மெகாபாஸ்கல் எஃகுக்குக் குறைந்தது 8 மணி நேரம், 1700-ஐத் தாண்டினால் 22 மணி நேரம். டெம்பரிங் (கடினமாக்கிய எஃகை மறுபடி மிதமாகச் சூடாக்குவது) செய்த வெப்பத்தைவிட ஓவன் குறைவாகவே இருக்க வேண்டும், இல்லையென்றால் கடினம் இறங்கிவிடும்.

பாசிவேஷன் பேக்கிங்குக்குப் பிறகுதான். குரோமேட் படலம் 65 டிகிரியைத் தாண்டினாலே கெடத் தொடங்கும். 200 டிகிரி ஓவனிலிருந்து மஞ்சள் பூச்சோடு ஒரு பாகம் வெளியே வருகிறது என்றால், ஒன்று அந்தப் படலம் பயனற்றுப் போயிருக்கும், அல்லது பேக்கிங் நடக்கவே இல்லை. கருப்பூர் பின்கள் வந்து இறங்கிய அன்றே அந்த மஞ்சள் நிறத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டிருக்கலாம்.

‘தாமதமானால் என்ன, கூடுதல் நேரம் வைத்துவிட்டோமே’ என்கிறார்கள். பேக்கிங் ஹைட்ரஜனை வெளியேற்றும், ஏற்கெனவே விழுந்த நுண்விரிசலை ஒட்டாது. 15 மணி நேரம் கழித்து 24 மணி நேரம் வைத்தாலும் அது தாமதம்தான். பூச்சைக் கரைத்து மறுபடி பிளேட்டிங் செய்வது அதைவிட மோசம். ஆசிடும் மின்சாரமும் இரண்டாம் முறையாக ஹைட்ரஜனை ஏற்றும்.

ஓவனிலும் ஒரு கண் வேண்டும். பாகங்களைத் தட்டில் குவித்துப் போட்டால், காட்டியில் 200 வந்த பிறகும் குவியலின் நடுவில் இருப்பது சூடேற வெகுநேரம் ஆகும். ஒரே அடுக்காகப் பரப்பி, ஒரு தெர்மோகப்பிளைப் பாகத்தோடு ஒட்ட வையுங்கள். அது 190-ஐத் தொட்ட பிறகே நேரத்தை எண்ணத் தொடங்குங்கள். இரவில் கரண்ட் போய் வந்தால் பதிவுத்தாளில் அது தெரிய வேண்டும். பாகத்தோடு கூடவே போகும் வேலைத் தாளான ரூட் கார்டில் இரண்டு கட்டம் தனியாக அச்சடியுங்கள்: தொட்டியிலிருந்து எடுத்த நேரம், ஓவனில் வைத்த நேரம். ‘பேக்கிங் செய்யப்பட்டது’ என்ற ஒற்றை டிக் எதற்கும் ஆகாது.

ஆகவே ஓவன் பிளேட்டிங் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற இடமாகப் பார்த்து வேலையைக் கொடுங்கள். சேலத்துக்கும் கோவைக்கும் 160 கிலோமீட்டர். லாரி எவ்வளவு வேகமாக வந்தாலும் ஏற்றி இறக்கும் நேரத்தையும் சேர்த்தால் கணக்கு உதைக்கும். சந்தேகம் இருந்தால், ஹைட்ரஜன் முறிவைச் சோதிக்கும் ஏஎஸ்டிஎம் எஃப் 519 சோதனை கேளுங்கள். பள்ளம் வெட்டிய மாதிரிக் கம்பியை, அது முறியும் சுமையில் 75 சதவீதம் ஏற்றி 200 மணி நேரம் தொங்கவிடுவார்கள். வடிவமைப்பாளர் ஒப்புக்கொண்டால் ஜிங்க் ஃபிளேக் (துத்தநாகச் செதில் கலந்த) பூச்சுக்கு மாறலாம், அதில் மின்சாரத் தொட்டியே இல்லை.

மரைக்குப் பூச்சுத் தடிமனைக் கழிக்காமல் விடுவது

60 டிகிரி மரையில் பூச்சு எவ்வளவு ஏறுகிறதோ, அதைப்போல் நான்கு மடங்கு பிட்ச் விட்டம் (மரைப் பல்லின் நடுவாக அளக்கும் விட்டம்) கூடும். 8 மைக்ரான் பூசினால் 32 மைக்ரான். எம் 6 போல்டின் 6ஜி (6g) பொருத்த வகை மரைக்கு விட்டிருக்கும் இடைவெளியே 26 மைக்ரான்தான். மேல் வரம்பில் கடைந்த போல்டில், பூச்சுக்குப் பிறகு கோ கேஜ் (சரியான மரையில் ஏற வேண்டிய அளவுக் கருவி) ஏறாது. மரையைக் கீழ் வரம்பை ஒட்டியே கடையுங்கள். பூச்சுக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை கேஜ் போடுங்கள்.

குறுக்குத் துளையின் உள்பிசிறு

துளை போட்டதும் உள்ளே ஒட்டியிருக்கும் இந்தப் பிசிறு வெளியே தடவிப் பார்த்தால் தெரியாது. விளக்கு வைத்துப் பாருங்கள்.

எங்கிருந்து வந்தது என்று தெரியாத மின்னணுப் பாகம்

டிரோன் கட்டும் இளைஞர்களுக்கு இது. மலிவாகக் கிடைக்கிறது என்று ஊர் பேர் தெரியாத ஃபிளைட் கன்ட்ரோலரையும் ரேடியோ மாட்யூலையும் ராணுவ டெண்டருக்குப் போடாதீர்கள். 2024 செப்டம்பர் 17 அன்று லெபனானில் பேஜர்கள் ஒரே நேரத்தில் வெடித்த பிறகு, வாங்கும் வழியே நாசவேலைக்கான வழி என்பது எல்லா ராணுவத்துக்கும் உறைத்துவிட்டது. சீனப் பாகங்கள் இருந்ததால் 400 டிரோன்களுக்கான ஒப்பந்தங்கள் 2025 பிப்ரவரியில் இந்தியாவில் ரத்தாயின. மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி, கேமரா, பேட்டரி செல் வரை ஒவ்வொன்றுக்கும் தயாரித்தவர், நாடு, பேட்ச் எண், வாங்கிய ரசீது என்று நான்கு பத்தி உள்ள பட்டியலை முதல் மாதிரி கட்டும்போதே தொடங்குங்கள். கட்டி முடித்த பிறகு ரசீதுகளைத் தேடிப் பிடிக்க முடியாது.

பழைய ரிவிஷன் வரைபடம்

இயந்திரத்தின் மேல் ஒட்டியிருப்பதை இன்றே கிழித்துவிடுங்கள்.

வரைபடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவது

பிளேட்டிங் கடைக்காரருக்கு ‘சும்மா ஒரு போட்டோ’ கூட வேண்டாம். 1923-ஆம் ஆண்டின் அரசு ரகசியச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அவருக்குத் தேவையானது எஃகின் பெயர், கடினம், பூச்சுத் தடிமன், பேக்கிங் நேரம். அதைத் தனித் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.