செட்டிநாட்டில் இரண்டு மொழி விளம்பரம்: கடைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் பலகாரக் கடை வைத்திருப்பவர் தமிழில் ஒரு நோட்டீஸ் எழுதுவார். அதையே வரிக்கு வரி ஆங்கிலமாக்கி மறுபக்கம் அச்சடித்துவிடுவார். இங்கே அதிகம் நடக்கிற தவறு இதுதான். மொழி மாறும்போது படிக்கிற ஆளும் மாறுகிறார், அவர் கேட்கிற கேள்வியும் மாறுகிறது.

தமிழில் படிப்பவர் தேவகோட்டைக்காரராகவோ பள்ளத்தூர்க்காரராகவோ இருப்பார். அவரிடம் போய் மனகோலம் என்ற பலகாரம் என்ன என்று விளக்கினால் சிரிப்பார். கிலோ என்ன விலை, கல்யாணத்துக்கு எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், வீட்டில் கொண்டுவந்து தருவீர்களா என்பவைதான் அவருடைய கேள்விகள். ஆங்கிலத்தில் படிப்பவர்களிலோ இரண்டு வகை உண்டு. ஊர் சுற்றிப் பார்க்க வந்தவருக்கு அது இனிப்பா காரமா என்பதிலிருந்தே சொல்ல வேண்டும். இன்னொருவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளர்ந்த பேரனோ பேத்தியோ. தமிழ் பேசுவார், படிக்க வராது. அப்பத்தா கையால் சாப்பிட்ட பலகாரத்தை அவருக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. திரும்பிப் போகும்போது எடுத்துப்போனால் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று சொன்னால் போதும்.

காலமும் பொருந்த வேண்டும். ஆடித் தள்ளுபடியைத் தமிழில் போட்டால் கூட்டம் வரும். ஆனால் கானாடுகாத்தானின் பழைய பெரிய வீடுகளைச் சுற்றிப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் பெரும்பாலும் வெயில் தணிந்த மார்கழி, தை மாதங்களில்தான் வருகிறார்கள். ஆடியில் அவர்களுக்காக ஆங்கிலத்தில் செய்யும் செலவு வீண். எந்தச் சிறப்பைச் சொல்வது என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊருக்கே உரிய பொருள் என்ற சான்று, கிடைத்தது. அதை ஆங்கிலத்தில் பெரிதாகப் போடுங்கள், வாங்க வருகிறவர் அதைத்தான் தேடுகிறார். உள்ளூர்ப் பெண்கள் முதலில் கேட்பது சாயம் போகுமா என்றுதான்.

கடைப் பெயர்ப்பலகையில் உங்கள் விருப்பம் செல்லாது. தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும். அரசு சொல்லும் அளவு தமிழ் 5, ஆங்கிலம் 3, மற்ற மொழி 2 என்ற விகிதம். சுற்றுலாப் பயணிக்காக ஆங்கிலத்தைப் பெரிதாக்கிவிட்டுப் பிறகு பலகையையே மாற்றுவது இரட்டைச் செலவு. பாக்கெட்டில் அடைத்து விற்கும் பலகாரத்தின் லேபிளுக்கு இது நேர்மாறு. உணவுப் பாதுகாப்பு விதிப்படி கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும், தமிழைக் கூடுதலாகத்தான் சேர்க்கலாம். தமிழில் மட்டும் அச்சடித்த பாக்கெட் செல்லாது.

எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்கள் கணக்கைப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். அதிலும் ‘கொ’ போன்ற உயிர்மெய் இரண்டு எழுத்தாக எண்ணப்படும். 160 எழுத்து ஆங்கிலச் செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்து நுழைந்தாலும் எல்லை 70 ஆகிவிடும். அது மூன்று செய்தியாகப் பிரியும், காசும் மூன்று மடங்காகும். அதனால் தமிழில் வாழ்த்து, வணக்கம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வாருங்கள்.

அச்சகத்தில் நடக்கும் கூத்து தனி. பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வரும். கைப்பேசியிலும் இணையத்திலும் இப்போது பயன்படும் யூனிகோடு முறையில் அடித்ததைப் பழைய மென்பொருளில் ஒட்டினாலும் ஆபத்துதான், கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்து பிரிந்து நிற்கும். ஆங்கிலப் பக்கத்தை மட்டும் கவனமாகத் திருத்தி, ‘தமிழ்தானே, சரியாக இருக்கும்’ என்று விடுபவர்கள் நிறையப் பேர். ஃபிளெக்ஸ் அடிக்கும் முன் தமிழ் மாதிரியைத் தாளில் எடுத்து, வடிவமைத்தவர் அல்லாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள்.

விலையில் வித்தியாசம் காட்டுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பழக்கம். தமிழ்ப் பலகையில் ஒரு விலை, ஆங்கில மெனுவில் கூடுதல் விலை. இப்போது கைப்பேசி கேமராவைக் காட்டினாலே தமிழ் மொழிபெயர்ந்துவிடுகிறது, மேசையில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அப்புறம், ஆங்கில விளம்பரத்தில் எந்த எண்ணைப் போடுகிறீர்கள்? கடையில் போனை எடுப்பவருக்கு ஆங்கிலம் சரளமாக வராது என்றால் வாட்ஸ்அப் எண்ணைப் போட்டு, எழுதி அனுப்பச் சொல்லுங்கள். தமிழ் நோட்டீஸில் பேசுவதற்கான எண் இருக்கட்டும். வயதானவர்கள் பேசித்தான் ஆர்டர் சொல்வார்கள்.