சிவப்புக் கூன்வண்டு எவ்வளவு தூரம் பறக்கும்? ஃபிளைட் மில் செய்து அளக்கும் முறை

தென்னந்தோப்பில் சிவப்புக் கூன்வண்டு தாக்கினால் உடனே எழும் கேள்வி, அது எங்கிருந்து வந்தது, எவ்வளவு தூரத்துக்குப் பொறி வைப்பது என்பதுதான். இதற்கு இரண்டு அளவுகள் வேண்டும். வண்டால் எவ்வளவு பறக்க முடியும் என்பது ஒன்று. தோப்பில் உண்மையில் எவ்வளவு தூரம் போகிறது என்பது மற்றொன்று. வண்டைச் சுழலும் குச்சியின் நுனியில் பொருத்தி, அது சுற்றிச் சுற்றிப் பறக்கும் தூரத்தை எண்ணும் கருவிதான் ஃபிளைட் மில். அது முதலாவதைத்தான் தரும். அது காட்டும் கிலோமீட்டரை அப்படியே பொறி வைக்கும் எல்லையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தேவையானவை

1.5 மி.மீ. தடிமன் கார்பன் ஃபைபர் குச்சி 35 செ.மீ.; 10 மி.மீ. விட்டமுள்ள நியோடிமியம் காந்தம் 2, பொட்டளவு சிறிய காந்தம் 1; காந்தத்தில் ஒட்டும் இரும்புப் பூச்சி ஊசி; அக்ரிலிக் சட்டம்; தக்கைத் துண்டு; ஏ3144 ஹால் சென்சார் (காந்தம் அருகில் வருவதை உணர்வது), 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், அர்டுயினோ ஊனோ (சுற்றுகளைப் பதியும் சிறிய கணினிப் பலகை). ஊசி வாங்கும்போது காந்தம் வைத்துப் பாருங்கள். ஸ்டெயின்லெஸ் ஊசிகள் பல ஒட்டாது.

படி 1: அச்சு

பெரிய காந்தங்களைச் சட்டத்தில் மேலும் கீழுமாக, ஒன்றையொன்று ஈர்க்கும் முகங்கள் எதிரெதிரே இருக்க ஒட்டுங்கள். ஊசியின் கூர்முனை மேல் காந்தத்தில் தொங்க வேண்டும். அடிமுனைக்கும் கீழ்க் காந்தத்துக்கும் 1 முதல் 2 மி.மீ. இடைவெளி விடுங்கள். கீழே தொட்டுவிட்டால் உராய்வு கூடி, வண்டு சீக்கிரம் களைத்துவிடும்.

படி 2: சுழலும் கை

தக்கையின் நடுவே ஊசியைச் செருகி, குச்சியைத் தக்கையோடு ஒட்டுங்கள். அச்சிலிருந்து வண்டின் உடல் நடுப்பகுதி வரை 15.9 செ.மீ. இருக்கட்டும். அப்போது ஒரு சுற்று சரியாக 1 மீட்டர், கணக்கு எளிதாகிவிடும். மறுமுனையில் களிமண் உருண்டையை எதிர்எடையாக வையுங்கள். சிறிய காந்தமும் அந்தப் பக்கத்திலேயே இருக்கட்டும். வண்டுக்கு வண்டு எடை மாறும் என்பதால் ஒவ்வொரு முறையும் எதிர்எடையைச் சரிசெய்ய வேண்டும்.

படி 3: எண்ணும் பகுதி

சிறிய காந்தம் கடந்து போகும் இடத்துக்கு அருகில் சென்சாரை வையுங்கள். அதன் வெளியீட்டை அர்டுயினோவின் 2ஆம் பின்னில் கொடுத்து, அதற்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே ரெசிஸ்டரை இணையுங்கள். இந்தச் சென்சார் காந்தத்தின் ஒரு துருவத்தை மட்டுமே உணரும். எண்ணிக்கை ஏறாவிட்டால் சிறிய காந்தத்தைத் திருப்பி ஒட்டிப் பாருங்கள். மொத்தச் சுற்றை மட்டும் எண்ணாமல், ஒவ்வொரு சுற்றும் நடந்த நேரத்தை மில்லிசெகண்டில் பதியச் செய்யுங்கள். வேகமும் ஓய்வும் அதிலிருந்துதான் தெரியும்.

வண்டு இல்லாமல் கையை மெல்லச் சுழற்றி விடுங்கள். எப்போதும் ஒரே இடத்தில் நின்றால், சட்டம் சாய்ந்திருக்கிறது அல்லது சென்சாரின் உலோகக் கால்கள் காந்தத்தை இழுக்கின்றன. சட்டத்தை ரசமட்டம் வைத்துச் சரிசெய்யுங்கள். சென்சாரைச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

படி 4: வண்டு

இங்கேதான் பெரும்பாலான சோதனைகள் கெடுகின்றன. பொறியில் விழுந்த வண்டு ஏற்கெனவே பறந்து வந்த ஒன்று. அதன் வயதும் தெரியாது. தாக்கப்பட்டு வெட்டிய மரத்திலிருந்து நார்க்கூடுகளை (வண்டின் கூட்டுப்புழு இருக்கும் நார் உறைகளை) எடுத்து, மூடிய டப்பாவில் வைத்து, வெளிவரும் வண்டுகளைத் தேதி எழுதிப் பிரித்து வையுங்கள். கரும்புத் துண்டு உணவாகப் போதும். மூக்கின் மேற்புறத்தில் குட்டையான பழுப்பு மயிர்க்கற்றை இருந்தால் ஆண். வழுவழுப்பாக இருந்தால் பெண். ஆணிலும் பெண்ணிலும் தலா 30 வண்டுகளாவது வேண்டும்.

எடை போட்டு, ஃபிரிட்ஜில் சில நிமிடம் வைத்தால் அசைவு குறையும். ஃப்ரீசரில் வைக்காதீர்கள். தலைக்குப் பின்னுள்ள முன்மார்புத் தகட்டை நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஒரு சொட்டு சூப்பர் குளூ வைத்து, வளைத்த மெல்லிய கம்பியை ஒட்டுங்கள். பசை பின்னோக்கி வழிந்து இறக்கை உறைகளின் மூட்டில் படிந்தால் வண்டு உறையைத் திறக்க முடியாது. அப்படிப்பட்ட வண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பசை காய்ந்த பிறகு ஒரு மணி நேரமாவது ஓய்வு கொடுங்கள்.

படி 5: ஓட்டம்

கம்பியைக் கையின் நுனியில் பொருத்தும்போது வண்டின் உடல் சுழலும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பினால் வேகம் குறைவாகப் பதியும். கால்களுக்குப் பிடித்துக்கொள்ளக் காகித உருண்டை கொடுங்கள். அதை எடுத்ததும் பல வண்டுகள் இறக்கை விரிக்கும். காற்றில்லாத அறை, பகல் வெளிச்சம், எல்லா வண்டுகளுக்கும் ஒரே வெப்பநிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பறக்க மறுத்தவற்றையும் எழுதி வையுங்கள். அவற்றை விட்டுவிட்டுப் போடும் சராசரி ஊரை ஏமாற்றும்.

கணக்கிடும்போது 0.1 வினாடிக்குள் வந்த இரட்டைப் பதிவுகளை நீக்குங்கள். 1 மீட்டருக்கு 0.1 வினாடி என்றால் நொடிக்கு 10 மீட்டர். அது சென்சார் கோளாறுதான். 10 வினாடிக்கு மேல் இடைவெளி வந்தால் ஒரு பறப்பு முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். எதிர்எடை வண்டைத் தாங்கிவிடுவதால், மேலெழும்பும் உழைப்பு வண்டுக்கு இல்லை. ஆண் பெண், இளையது முதியது என்று ஒப்பிட இந்த எண்கள் நன்றாக உதவும். தோப்பின் தூரத்தைச் சொல்ல உதவாது.

படி 6: தோப்பில் சரிபார்த்தல்

வண்டு ஏற்கெனவே உள்ள தோப்பில், அங்கேயே கிடைத்தவற்றை மட்டும் விடுங்கள். புதிய இடத்துக்குக் கொண்டுபோய் விடுவது பெரிய கேடு. இறக்கை உறைகளின் நடுக்கோட்டில் படாமல், முன்மார்பில் வண்ணப் பொட்டு வையுங்கள். சிலவற்றைக் கூண்டில் நிறுத்திவைத்து, வண்ணம் நிற்கிறதா என்று பாருங்கள்.

விடும் இடத்தைச் சுற்றி 100, 200, 300 மீட்டரில், வட்டத்துக்கு 4 வீதம் கவர்ச்சிப் பொறி (வாசனையால் வண்டை இழுக்கும் பொறி) வையுங்கள். வெளிவட்டம் நீளமானது, அங்கும் அதே 4 பொறிதான். ஆகவே பிடிபட்ட எண்ணிக்கையை முறையே 1, 2, 3ஆல் பெருக்க வேண்டும். உதாரணத்துக்கு 12, 8, 5 வண்டுகள் கிடைத்தால், நேரடிச் சராசரி 172 மீட்டர். திருத்தினால் 12, 16, 15. சராசரி 207 மீட்டர். திருத்தாமல் விட்டால் தூரத்தைக் குறைத்து மதிப்பிட்டு, பொறி வைக்கும் எல்லையைச் சுருக்கிவிடுவோம்.

இதுவும் கீழ்வரம்புதான். உள்வட்டப் பொறிகள் மேலும் தூரம் போகவிருந்த வண்டுகளையும் பிடித்துவிடும். 300 மீட்டர் வட்டத்திலும் வரத்து குறையவில்லை என்றால், 400, 500 மீட்டருக்கு வட்டங்களைக் கூட்டி மறுபடி செய்யுங்கள். வரத்து தெளிவாகக் குறையும் தூரம் வரை உள்ள வெட்டுமரங்களையும் பட்டுப்போன மரங்களையும் முதலில் அப்புறப்படுத்துங்கள். பொறிகளை இளந்தென்னைகளுக்கு அருகில் தொங்கவிட வேண்டாம்; வாசனைக்கு வந்த வண்டுகள் எல்லாமே பொறிக்குள் விழுவதில்லை.