கழன்ற ஸ்கீ ஓடாமல் தடுக்க: பிரேக், வார், நாடா

பனிச்சறுக்கில் ஒருவர் விழும்போது அவருடைய காலைக் காப்பாற்றுவது, பூட்ஸை ஸ்கீ என்னும் நீண்ட சறுக்குப்பட்டையோடு பிணைக்கும் பைண்டிங். உரிய நேரத்தில் அது பூட்ஸை விடுவிக்காவிட்டால், ஏறத்தாழ ஆள் உயரத்துக்கு நீண்டிருக்கும் ஸ்கீ நெம்புகோலாகி, முழங்காலையோ கால் எலும்பையோ முறுக்கிவிடும். நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் போர்ட்லண்டில் குடியேறிய யால்மர் ஹ்வாம், 1930களின் இறுதியில், தம் கால் முறிந்த பிறகு, விழும்போது தானே விடுவிக்கும் பைண்டிங்கை வடிவமைத்தார். அந்த வழியில் வந்த பைண்டிங்குகள் காலைக் காத்தன; ஆனால் பூட்ஸ் கழன்ற கணத்திலேயே சரிவில் ஆளில்லாத ஸ்கீ ஒன்று மிஞ்சுகிறது என்ற புதிய சிக்கலையும் கொண்டுவந்தன.

அந்தச் சிக்கல் எவ்வளவு பெரியது என்பதைச் சிறு கணக்கில் காணலாம். பைண்டிங்கோடு சேர்ந்த ஒற்றை ஸ்கீயின் எடையைச் சுமார் மூன்று கிலோ என்று கொள்வோம். அடிப்பாகத்தில் மெழுகு, இருபுறமும் தீட்டிய எஃகு விளிம்பு. ஆல்ப்ஸ் மலைகளில் சிவப்பு நிறத்தால் குறிக்கப்படும் நடுத்தரத் தடங்களில் 20 பாகைச் சரிவு இயல்பானது. அத்தகைய சரிவில் எதுவும் தடுக்காமல் விட்டால், காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காதபோது, ஐந்து நொடியில், 40 மீட்டருக்குள்ளாகவே, அது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும். அப்போது அதன் தாக்கும் ஆற்றல், அதே மூன்று கிலோ 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது உள்ளதற்கு ஈடானது. அதுவும் கூரிய முனையை முன்னிறுத்தி, சத்தமில்லாமல் வருகிறது.

அதன் வழியில் நிற்பவர் பெரும்பாலும் விழுந்தவருக்கு யாரென்றே தெரியாதவர். ஆகவே, கழன்ற ஸ்கீயை நிறுத்துவது அவரவர் விருப்பத்துக்கு விடப்படும் விஷயமாக இல்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தின் 1979ஆம் ஆண்டு பனிச்சறுக்குப் பாதுகாப்புச் சட்டம், கழன்ற ஸ்கீயை நிறுத்தக்கூடிய வார் அல்லது வேறொரு சாதனம் ஒவ்வொரு ஸ்கீயிலும் இருக்க வேண்டும் என்கிறது. கிராஸ் கன்ட்ரி ஸ்கீக்கு மட்டும் விலக்கு உண்டு.

பிரேக்கைச் சோதிக்கும் முறை

தயார் செய்யப்பட்ட தடங்களில் ஓட்டும் ஆல்பைன் ஸ்கீக்கு இன்று பிரேக்தான் வழக்கமான சாதனம். குதிகால் பிடிக்கு முன்னால் ஒரு மிதி, அதன் கீழே வலுவான ஸ்பிரிங், ஸ்கீயின் இருபுறமும் எஃகுக் கம்பியாலான இரண்டு கைகள், அவற்றின் நுனியில் பிளாஸ்டிக் உறை: இவ்வளவுதான் அதன் உறுப்புகள். பூட்ஸின் குதிகால் மிதியை அழுத்திப் பூட்டிக்கொள்ளும்போது கைகள் மேலெழுந்து, விளிம்புக்கு வெளியே துருத்தாதபடி உள்நோக்கி ஒடுங்குகின்றன. பூட்ஸ் விலகியதும் ஸ்பிரிங் மிதியைத் தூக்கிவிட, கைகள் ஸ்கீயின் அடிப்பாகத்தைத் தாண்டிக் கீழிறங்கிப் பனியைக் கீறி வேகத்தைக் கொல்கின்றன. இத்தனை எளிய அமைப்பு என்பதால் பழுதும் இரண்டே வகைதான்: கை இறங்காமல் போவது, அல்லது முழுதாக மேலேறாமல் போவது. முதல் வகைப் பழுது கீழே இருப்பவருக்கு ஆபத்து; இரண்டாவது ஓட்டுபவருக்கே ஆபத்து, ஏனெனில் திருப்பத்தில் ஸ்கீயைச் சாய்க்கும்போது துருத்திய கை பனியில் சிக்கிக்கொள்ளும்.

காலையில் புறப்படும் முன், ஸ்கீயை ஒரு கையால் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, மறு உள்ளங்கையால் மிதியை முழுவதும் அழுத்துங்கள். விரல்களை மிதிக்கும் ஸ்கீக்கும் இடையில் வைக்காதீர்கள். ஸ்பிரிங்கின் விசை நகத்தைக் கன்றச் செய்யப் போதுமானது. அழுத்தும்போது பிரேக்கின் இரண்டு கைகளும் ஒரே அளவில் ஏற வேண்டும். விட்டதும் தயக்கமின்றிச் சட்டென்று இறங்க வேண்டும். பிறகு ஸ்கீயை வால்பக்கமிருந்து கண்மட்டத்தில் பாருங்கள்: இரு நுனிகளும் அடிப்பாகத்துக்குக் கீழே சமமாகத் தெரிகின்றனவா, ஒன்று மட்டும் உள்நோக்கி வளைந்து பக்கவாட்டை உரசுகிறதா என்பது அந்தக் கோணத்தில்தான் புலப்படும். உரசும் கை வீட்டின் கதகதப்பில் எப்படியோ இறங்கிவிடும். மலையில் பனி ஒட்டிய பிறகு இறங்காது.

மிதி மெதுவாக எழுந்தால் பெரும்பாலும் காரணம் அழுக்கு. காரின் கூரையில் உறையின்றிக் கட்டிச் செல்லும்போது, சாலையில் பனி உருகுவதற்காகத் தூவும் உப்பு பைண்டிங்கின் இடுக்குகளில் புகுந்து உறைந்துவிடுகிறது. வெதுவெதுப்பான நீரால் கழுவித் துடைத்து உலரவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். கையில் கிடைத்த எண்ணெயையோ துரு நீக்கும் ஸ்பிரேயையோ அடிப்பது தவறு. தொழிற்சாலையில் உள்ளே வைத்த கிரீஸை அது கரைத்துவிடும், பிறகு பிரேக்கோடு பைண்டிங்கின் விடுவிப்பும் கெடும். கழுவியும் சரியாகாவிட்டால் கடைக்கு எடுத்துச் செல்வதே முறை.

பலரும் கவனிக்காத ஒன்றுண்டு. விளிம்பு தீட்டும்போது பிரேக் கைகள் குறுக்கே வராதிருக்க, பட்டறையில் அவற்றை மேலே இழுத்து ஒரு தடித்த ரப்பர் பட்டையால் பைண்டிங்கின் குறுக்கே கட்டிவிடுவார்கள். வேலை முடிந்தும் அந்தப் பட்டை அகற்றப்படாமல் இருந்தால், ஸ்கீயில் பிரேக் இருந்தும் இல்லாததுதான். பட்டறையிலிருந்து திரும்பிய ஸ்கீயின் பிரேக்கை அங்கேயே ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு வாங்குங்கள்; வீட்டில் நீங்களே தீட்டினால் பட்டை தனியே மேசைமேல் கிடக்கிறதா என்று பார்த்த பிறகே உறையில் போடுங்கள்.

மலையிலும் ஒரு சோதனை வேண்டும், குறிப்பாக மதிய உணவுக்குப் பிறகு. வெயிலில் ஈரமான பனி மிதியின் கீழே புகுந்து, நிழல் விழுந்ததும் கட்டியாக இறுகிவிடும். பூட்ஸை மாட்டுவதற்கு முன் கைக்கோலின் நுனியால் மிதியைச் சுற்றியுள்ள பனியைக் கிளறி எடுத்து, ஒருமுறை அழுத்தி விடுங்கள். பூட்ஸின் அடிப்பாகத்தில் ஒட்டிய பனியையும் சுரண்டிவிட வேண்டும். அது இருந்தால் குதிகால் சரியாகப் பூட்டாமல், விழாமலே ஸ்கீ கழன்றுகொள்ளும்.

விழாமலே கழலும் இந்தச் சிக்கலுக்கு, பைண்டிங்கின் டின் எண், அதாவது எவ்வளவு விசையில் அது பூட்ஸை விடுவிக்கும் என்பதைக் குறிக்கும் அளவு, தவறாக இருப்பதும் காரணமாகலாம். ஓட்டுபவரின் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், ஓட்டும் திறன் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடப்படும் இந்த எண், மிகவும் குறைவாக இருந்தால் ஸ்கீ அடிக்கடி தனியே போகும். மிகவும் கூடுதலாக இருந்தால் கழலவே கழலாது, பிரேக் இறங்கும் பேச்சுக்கே இடமில்லை. நண்பர் சொன்ன எண்ணைத் திருகாணியால் திருப்பி வைப்பதைவிட, பருவத்துக்கு ஒருமுறை கருவியில் வைத்துச் சோதிக்கச் செய்வது மேல். சுவிட்சர்லாந்தில் பள்ளிப் பனிச்சறுக்கு முகாமுக்குப் பிள்ளைகளை அனுப்பும் தமிழ்ப் பெற்றோர், அண்ணன் ஓட்டிய ஸ்கீயைத் தம்பிக்குக் கொடுக்கும்போது, இந்த எண்ணை மாற்றிய பிறகே கொடுக்க வேண்டும்.

பிரேக்கின் அகலம் பழைய ஸ்கீ வாங்குவோர் இடறும் இடம். ஸ்கீயின் மேல் 127-88-111 என்பது போல மூன்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். நடுவிலுள்ளது ஸ்கீயின் இடுப்பின், அதாவது அதன் குறுகிய நடுப்பகுதியின், அகலம், மில்லிமீட்டரில். பிரேக் அதற்குச் சமமாகவோ 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை கூடுதலாகவோ இருக்கலாம். 88க்கு 90 அல்லது 95 பொருந்தும். 80 வைத்தால் கைகள் விளிம்பில் தட்டி நின்றுவிடும். 115 வைத்தால் கெட்டிப் பனியில் சாயும்போது விளிம்புக்கு முன்னால் கை தரையைத் தொட்டு, பிடிப்பு நழுவும். அகலமான ஸ்கீயில் குறுகிய பிரேக்கைப் பொருத்துவதற்காக யாரோ கைகளை வளைத்து வைத்திருப்பது பழைய பொருள்களில் காணப்படுவதே. இரு கைகளும் ஒரே கோணத்தில் இல்லாத ஸ்கீயை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், பிரேக்கை மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே வாங்குங்கள்.

வாரும் நாடாவும் எப்போது

பிரேக் பரவுவதற்கு முன், பூட்ஸையும் ஸ்கீயையும் தோல் வாரால் கட்டியிருந்தார்கள். ஸ்கீ ஓடவில்லை என்பது உண்மை. ஆனால் உருண்டு விழுபவரைச் சுற்றி அது சுழன்று, தீட்டிய விளிம்பால் முகத்தையும் தலையையும் வெட்டியது. 1970களில் பிரேக் வந்து வாரின் இடத்தைப் பிடித்ததற்கு இதுவே முக்கியமான காரணம். ஆகவே, தயார் செய்யப்பட்ட தடத்தில் நல்ல பிரேக் இருக்கும்போது கூடுதல் பாதுகாப்பு என்று எண்ணி வாரும் கட்டுவது நன்மையைவிடத் தீமையே தரும்.

ஆழமான புதுப்பனியில் நிலைமை வேறு. அங்கே பிரேக் கைகளுக்குக் கீறுவதற்குக் கெட்டியான தளம் கிடையாது. கழன்ற ஸ்கீ கீழே ஓடுவதற்குப் பதிலாகப் பனிக்குள் மூழ்கி மறைந்துவிடுகிறது. காஷ்மீரின் குல்மார்க்கில் கொண்டோலா என்னும் கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டத்தில் ஏறி, 3,900 மீட்டருக்கும் மேலான அபர்வாத் சரிவுகளிலிருந்து இறங்குவோருக்கு இது பழக்கமான சிக்கல்தான். இதற்கான சாதனம் நாடா: ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளமுள்ள, கண்ணைப் பறிக்கும் நிறத் துணிப்பட்டை. அதன் ஒரு முனையைப் பைண்டிங்கில் கட்டி, மீதியைக் கொசுவம்போல மடித்துக் கால்சட்டையின் உட்பட்டைக்குள் செருகிவைக்க வேண்டும். சுற்றி முடிச்சுப் போடக் கூடாது, காலில் கட்டவும் கூடாது. ஸ்கீ கழன்றதும் அது உருவிக்கொண்டு வெளியே வந்து, புதைந்த ஸ்கீயின் மேல் பனிப்பரப்பில் கிடக்க வேண்டும் என்பதே நோக்கம். வாடகைக் கடைகள் இதைத் தாமாகக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். பளிச்சென்ற நிறத்தில் இரண்டு நாடாக்களைக் கொண்டுசெல்வது எந்தச் சுமையும் அல்ல.

மலையேறி இறங்கும் டூரிங் ஸ்கீயில் முடிவெடுப்பதுதான் கடினம். எடையைக் குறைப்பதற்காக, பூட்ஸை முட்களால் பிடிக்கும் முள் பைண்டிங்குகள் பலவற்றில் பிரேக்கே இருக்காது. அவற்றில் மெல்லிய கம்பிவாரைப் பூட்ஸில் கொளுவிக்கொள்வது வழக்கம். பனியாற்றில் இது தேவை, ஏனெனில் பிளவுக்குள் விழுந்த ஸ்கீ திரும்பி வராது, ஒற்றை ஸ்கீயோடு அங்கிருந்து இறங்குவதும் எளிதல்ல. ஆனால் பனிச்சரிவு அபாயமுள்ள இடத்தில் அதே வார் எதிரியாகிறது: ஓடும் பனியில் ஸ்கீ நங்கூரமாகி ஆளை அடியில் இழுக்கும். எனவே, குறிப்பிட்ட விசைக்கு மேல் இழுத்தால் அறுந்துபோகும் பலவீனக் கண்ணி கொண்ட வாரையே வாங்க வேண்டும். அபாயம் தெளிவாகத் தெரியும் சரிவில் அதையும் கழற்றிவிடுவது என் பரிந்துரை. பிரேக் உள்ள டூரிங் பைண்டிங்கிலோ வேறொரு சிக்கல் உண்டு. ஏறும்போது கைகள் மேலே பூட்டப்பட்டிருக்கும். உச்சியில் இறங்கும் நிலைக்கு மாற்றும்போது பூட்டு விலகிக் கைகள் இறங்கினவா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் காலை வையுங்கள். களைப்பும் காற்றும் சேரும் அந்த ஐந்து நிமிடத்தில்தான், எவரும் விழாமலே, ஸ்கீ மலையிறங்கிவிடுகிறது.

ஸ்னோபோர்டின் பைண்டிங் விழுந்தாலும் கழலாது. மாட்டும்போதும் கழற்றும்போதும்தான் பலகை நழுவி ஓடும். முன்காலில் வாரைக் கொளுவிய பிறகே பலகையைத் தரையில் வைப்பதும், கழற்றியதும் பைண்டிங் பனியில் பதியும்படி கவிழ்த்து வைப்பதும் போதும். குதிகாலைப் பூட்டாமல் ஓட்டும் டெலிமார்க் ஸ்கீயிலும், பைண்டிங் விடுவிக்காத வகையென்றால், வார் வேண்டும்.

விழுந்த பிறகு

கழன்ற ஸ்கீ ஓடத் தொடங்கிவிட்டால் முதலில் செய்ய வேண்டியது கத்துவது. "ஸ்கீ! ஸ்கீ!" என்று உரக்கக் கூவினால், எந்த மொழி பேசுபவரும் திரும்பிப் பார்ப்பார். ஒற்றை ஸ்கீயில் அதை விரட்டாதீர்கள். அது சென்ற திசையையும் மறைந்த இடத்தையும் கண்ணை எடுக்காமல் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிரேக் தன் வேலையைச் செய்திருந்தால் ஸ்கீ பெரும்பாலும் உங்களுக்கு மேலேதான் கிடக்கும், ஏனெனில் உருண்டு வந்தவர் நீங்கள். புதுப்பனியில் தேடும்போதும் இதை மறக்க வேண்டாம்: நீங்கள் உருண்டு வந்து நின்ற இடத்தில் அல்ல, ஸ்கீ கழன்ற இடத்தில் தொடங்குங்கள். அங்கே ஒரு கைக்கோலை அடையாளமாக ஊன்றி, மற்ற ஸ்கீயின் வாலைப் பனிக்குள் செலுத்தி, சரிவுக்குக் குறுக்காக வரி வரியாகக் கீறிக்கொண்டே வாருங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குத்துவதால் நேரம்தான் போகும். பனியை மிதித்துக் குழப்பிவிட்டால் இருக்கும் தடயமும் அழியும்.

கிடைத்ததும் ஸ்கீயைச் சரிவுக்குக் குறுக்காக வைத்து, பிரேக் கைகளைப் பனியில் பதித்து, கீழ்ப்பக்கக் காலுக்கு உரியதை முதலில் மாட்டுங்கள். அது நிற்பதற்கு உறுதியான படியாகும், மேற்பக்கத்தது பிறகு எளிதாக ஏறும். மாட்டும் முன் மிதியை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழுந்த வேகத்தில் பிரேக் கை வளைந்திருந்தாலோ மிதி எழாமல் கிடந்தாலோ, அந்த ஸ்கீயைத் தோளில் சுமந்து தடத்தின் ஓரமாக நடந்து இறங்குங்கள், அல்லது அருகிலுள்ள லிப்ட் நிலையத்தில் கீழே அழைத்துச் செல்லுமாறு கேளுங்கள். ஸ்கீ கிடைக்கவே இல்லையென்றால், அது எந்தத் தடத்தில், எந்த இடத்தில் காணாமல் போனது என்பதை மீட்புப் பணியாளரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.