கூத்தையும் கும்மியையும் சீட்டில் எழுதிக் கொடுப்பது எப்படி

மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரை கொடுக்கப் போகிறவர் கூடவே இன்னொரு சீட்டும் கொடுக்கலாம்: மனம் தேற ஒரு கலையைப் போய்ப் பார், சேர்ந்து பாடு என்று எழுதிய சீட்டு. கனடாவின் மான்ட்ரியலில் 2018 நவம்பரில் மருத்துவர்கள் நோயாளிகளை நுண்கலை அருங்காட்சியகத்துக்குச் சீட்டெழுதி அனுப்பத் தொடங்கினார்கள். நம்மிடமோ கூத்தும் நடுகல்லும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன.

யாருக்கு? பிள்ளைகள் பெங்களூருக்கு வேலைக்குப் போனபின் தனியாக இருப்பவர், துணையை இழந்து வாசல் தாண்டாதவர், நாள்பட்ட வலியால் முடங்கியவர். செத்துவிடலாம் போலிருக்கிறது என்று ஒரு வார்த்தை வந்தாலும் இந்தச் சீட்டு வேண்டாம். தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், அரசின் இலவச மனநல உதவி எண் 14416-க்கு அழையுங்கள்.

முதலில் உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். கடந்த இரண்டு வாரத்தில் மனம் உற்சாகமாக இருந்ததா, அமைதியாக இருந்ததா, உடம்பில் தெம்பு இருந்ததா, தூங்கி எழுந்தபோது தெளிவாக இருந்ததா, பிடித்த விஷயங்கள் அன்றாடம் இருந்தனவா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5: ஒருபோதும் இல்லை என்றால் 0, எப்போதும் என்றால் 5. கூட்டி 4-ஆல் பெருக்கினால் 100-க்கு மதிப்பெண். 50-க்குக் கீழே என்றால் மருத்துவர் ஒருமுறை பார்க்கட்டும், சீட்டும் ஓடட்டும்.

"எங்கேயாவது போய் வாங்க" என்பது சீட்டே இல்லை. மாத்திரைக்கு எழுதுவது மாதிரி எழுதுங்கள்: "கும்மி. செவ்வாய், வெள்ளி மாலை 5 மணி, மாரியம்மன் கோயில் திடல். 20 நிமிடம். எட்டு வாரம். முதல் இரண்டு தடவை பக்கத்து வீட்டு அக்கா கூட வருவார்." இந்தக் கடைசி வரிதான் சீட்டின் உயிர். கூட ஆள் இல்லாத சீட்டு பெரும்பாலும் தலையணைக்கு அடியிலேயே கிடக்கும். முழங்கால் வலி உள்ளவர் குனிந்து அடிக்க வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து பாட்டெடுத்துக் கொடுக்கட்டும். ஓசூர், தளி பக்கம் என்றால் அம்மா பாடிய பாட்டு தெலுங்கா கன்னடமா என்று கேட்டுவிட்டுக் குழுவைத் தேடுங்கள்.

பாரதக் கூத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. விடிய விடிய விழித்தால் இரவு மாத்திரை தவறும், சுகர் ஏறி இறங்கும். மனம் ஒரேயடியாக எழும்பியும் ஒரேயடியாகச் சோர்ந்தும் போகும் இருதுருவ மனநோய் (பைபோலார்) உள்ளவருக்குத் தூக்கம் கெடுவதே நோயைக் கிளப்பிவிடும். அவர்களுக்குப் பகலில் நடக்கும் பாரதச் சொற்பொழிவை எழுதுங்கள்: பந்தல் நிழல், ஒன்றரை மணி நேரம், ஸ்பீக்கருக்கு எதிரே உட்காராமல். துரியோதனன் வீழும் படுகளத்தன்று எழும் ஒப்பாரி, சமீபத்தில் சாவு கண்டவரை உலுக்கும். அழுவது தவறில்லை, தனியே அழுதுவிட்டுத் தனியே வீடு திரும்புவதுதான் ஆபத்து. அந்தத் திடலில் இவர் தயக்கமில்லாமல் உட்கார முடியுமா என்பதையும் விசாரியுங்கள். சாதியோ கைம்பெண் என்ற பேச்சோ குறுக்கே வரும் இடத்துக்குச் சீட்டு எழுதினால் நோயை நாமே கூட்டுகிறோம்.

கூட்டம் ஆகாதவருக்குத் தருமபுரி அரசு அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று அனுப்பாதீர்கள். எல்லாவற்றையும் சுற்றிக்காட்ட வேண்டாம். மூன்று நடுகல், ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். உட்கார ஸ்டூல் கேட்டு வாங்குங்கள். பலகையைப் படித்துக் காட்டாமல் "கையில என்ன வச்சிருக்கார் பாட்டி?" என்று கேளுங்கள். வில், வாள், காலடியில் மாடுகள் என்று அவரே சொல்லிக்கொண்டு வருவார். நம் பக்கம் நடுகல்லை வேடியப்பன் சாமியாகக் கும்பிடுகிறவர்கள் உண்டு. பாட்டி செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினால் குறுக்கே பேசாதீர்கள்.

மாத்திரையை நிறுத்தச் சொல்லும் சீட்டு இல்லை இது. சீட்டின் மேலே அதையும் எழுதுங்கள். இரண்டாம் வாரம் வராவிட்டால் உடனே வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். பெரும்பாலும் காரணம் பஸ் நேரமோ, பேரப்பிள்ளையைப் பார்க்க ஆளில்லாததோதான். எட்டாவது வாரம் அதே ஐந்து கேள்வி. 10 மதிப்பெண்ணாவது ஏறவில்லையென்றால் ஆளைக் குறை சொல்லாமல் கலையை மாற்றுங்கள். இறங்கியிருந்தால் அந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.