தியோடர் ரூஸ்வெல்ட்டைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க அதிபர்களாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டையும் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டையும் ஒரே ஆளாக்கிவிடும் குழப்பத்தை இங்கே பேசப் போவதில்லை. புகைப்படத்தைப் பார்த்தாலே அது தெளிந்துவிடும். விவரம் தெரிந்தவர்களும் வழுக்கும் இடங்கள் வேறு.

"ஏகபோகங்களை ஒழித்தவர்"

எல்லாக் கட்டுரையிலும் வந்துவிடும் எரிச்சலூட்டும் வரி இது. நார்தர்ன் செக்யூரிட்டிஸ் என்ற ரயில்வே கூட்டு நிறுவனத்தின் மீது 1902இல் வழக்குப் போட்டார், 1904இல் உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 4 என்று ஜெயித்தார். (எதிராக நின்ற நால்வரில் ஒருவரான ஹோம்ஸ், இவரே நியமித்த நீதிபதி!) அதுவரை சரி. ஆனால் வழக்குக்கு ஆதாரமான ஷெர்மன் ஏகபோகத் தடைச் சட்டம் 1890லேயே வந்துவிட்டது. ஸ்டாண்டர்ட் ஆயில் என்ற எண்ணெய் நிறுவனத்தின் மீதான வழக்கு இவர் காலத்தில் 1906இல் தொடங்கினாலும், அதைப் பிரிக்கச் சொன்ன தீர்ப்பு 1911இல், இவருக்கு அடுத்து அதிபரான டாஃப்ட்டின் ஆட்சியில் வந்தது. ஏழரை ஆண்டில் இவர் போட்டவை சுமார் 44 வழக்குகள். நான்கே ஆண்டில் டாஃப்ட் அரசு போட்டவை அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு.

பெரிய கம்பெனி என்பதற்காகவே அதை உடைக்க வேண்டும் என்று ரூஸ்வெல்ட் நினைக்கவில்லை. ஒழுங்காக நடப்பதை விட்டுவைத்துக் கண்காணிப்பதுதான் அவர் வழி. கம்பெனிகளின் நடவடிக்கைகளைத் துருவ 1903இல் தனி அமைப்பு வந்தது. ரயில் கட்டணத்துக்கு உச்ச வரம்பு விதிக்கும் அதிகாரத்தை 1906இன் ஹெப்பர்ன் சட்டம் மாநிலங்களுக்கிடையிலான வணிக ஆணையத்துக்குக் கொடுத்தது. 1907 நிதி நெருக்கடியின்போது டென்னசி நிலக்கரி-இரும்பு கம்பெனியை யு.எஸ். ஸ்டீல் என்ற எஃகு நிறுவனம் வாங்கிக்கொள்ள, தடை சொல்ல மாட்டேன் என்று இவரே தலையசைத்தார். 1911 அக்டோபரில் டாஃப்ட் அரசு யு.எஸ். ஸ்டீல் மீது தொடுத்த வழக்கில் அந்த விற்பனையும் குற்றச்சாட்டாகச் சேர்ந்தது. இருவருக்கும் ஏற்கெனவே கசந்திருந்த நட்பு அதோடு முறிந்தது. இவரை "ஒழித்தவர்" என்று எழுதிவிட்டால், 1912இல் சொந்தக் கட்சியான குடியரசுக் கட்சிக்கு எதிராகவே அவர் ஏன் நின்றார் என்பது வாசகருக்குப் பிடிபடாது.

தேர்தல் அறிக்கையைச் சாதனைப் பட்டியலில் சேர்ப்பது

பெண்களுக்கு வாக்குரிமை, சமூகக் காப்பீடு, குழந்தைத் தொழிலாளர் தடை: இவை 1912இல் இவர் தொடங்கிய முற்போக்குக் கட்சி தந்த வாக்குறுதிகள். அந்தத் தேர்தலில் வென்ற ஜனநாயகக் கட்சியின் வில்சனுக்கு 435 தேர்வாளர் வாக்குகள், இவருக்கு 88. எந்தச் சாதனையை எழுதினாலும் அது 1901 செப்டம்பர் 14க்கும் 1909 மார்ச் 4க்கும் இடையில் விழுகிறதா என்று பாருங்கள். உணவு-மருந்துத் தூய்மைச் சட்டமும் இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் விழும். இரண்டிலும் 1906 ஜூன் 30 அன்று கையெழுத்திட்டார்.

மிக இளைய அதிபர்

பதவியேற்றவர்களில் இவர், 42 வயது. தேர்தலில் வென்றவர்களில் கென்னடி.

கிராண்ட் கேன்யன்

1908இல் இவர் அறிவித்தது தேசிய நினைவுச்சின்னம். தேசியப் பூங்காவானது 1919 பிப்ரவரியில். அதற்கு முந்தைய மாதமே இறந்துவிட்டார்.

பிரவுன்ஸ்வில்லை விட்டுவிடுவது

சீர்திருத்தவாதி என்ற பிம்பத்துக்கு இடைஞ்சல் என்பதால் பலர் தொடுவதில்லை. 1906இல் டெக்சாஸின் அந்த ஊரில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்காக 167 கறுப்பினப் படைவீரர்களை விசாரணை மன்றம் இல்லாமலே பதவி நீக்கினார். ஆணை வெளியானது நாடாளுமன்றத் தேர்தல் முடிந்த பிறகு. 1972இல்தான் ராணுவம் அதைத் திருத்தியது.