இடிமழை மின்னலைப் பார்ப்பதற்கும் படமெடுப்பதற்கும் ஒரு வழிகாட்டி

மின்னலைப் படமெடுக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்டுத்தான் தொடங்குகிறார்கள். ஆனால் கேமராவைவிடப் படத்தைத் தீர்மானிப்பது, மேகத்துக்கும் நமக்கும் இடையிலுள்ள தூரமே. தலைக்கு மேல் வந்துவிட்ட இடிமழை படத்துக்கு உதவாது. மழைத்திரை மின்னலை மறைத்துவிடும். மேகத்தின் உருவம் தெரியாது. வானம் முழுவதும் ஒரு கணம் வெளுத்து அடங்குவதைத் தவிர வேறொன்றும் பதிவாகாது. அதே மேகம் 20 முதல் 40 கிலோமீட்டர் தொலைவில் நிற்கும்போது, அதன் அடியிலிருந்து உச்சிவரை சட்டத்துக்குள் அடங்கும்; உள்ளுக்குள் ஓடும் மின்னலும் தரைக்கு இறங்கும் கொடிமின்னலும் தனித்தனியாகத் தெரியும். பாதுகாப்புக்கு வேண்டிய தூரமும் நல்ல படத்துக்கு வேண்டிய தூரமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், கீழே வரும் ஏற்பாடுகள் எல்லாம் அந்தத் தூரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதற்கானவைதாம்.

எப்போது, எந்தத் திசையில்

தமிழ்நாட்டில் மின்னலுக்குரிய காலம் இடத்துக்கு இடம் மாறுகிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் கொங்குப் பகுதி, தேனி, தென்காசி போன்ற மலையடிவார மாவட்டங்களில் பகலெல்லாம் சூடேறிய தரைக்கு மேல் ஈரக்காற்று எழும்பி, மாலை நான்கு மணிக்குப் பிறகு இடிமேகமாகத் திரளும். சென்னையிலும் அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை வேறு கணக்கு. வேலூர், திருவண்ணாமலை, சித்தூர் பக்கங்களில் பிற்பகலில் உருவாகும் மேகங்கள், உயரத்தில் வீசும் மேற்குக் காற்றால் கிழக்கே தள்ளப்பட்டு, இருட்டிய பிறகு நகரத்தை எட்டும். ஆகவே அந்த மாதங்களில் சென்னைவாசிக்கு மேற்குப் பார்த்த ஜன்னல்தான் செல்வம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு நிலைமை தலைகீழாகிவிடுகிறது. நள்ளிரவு தாண்டி விடியும்வரை கடலுக்கு மேல் மின்னும் மேகங்களைக் கிழக்கே பார்க்க வேண்டும். இலங்கையில் இரு பருவங்களுக்கு இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களும் அக்டோபர், நவம்பர் மாதங்களும் பிற்பகல் இடிமழைக்குப் பேர்போனவை.

அன்றன்றைய நிலவரத்துக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ரேடார் படங்களைப் பார்க்கலாம். சென்னை, காரைக்கால் ரேடார்களின் படங்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதால், அடுத்தடுத்த மூன்று நான்கு படங்களை ஒப்பிட்டாலே மேகக்கூட்டம் எந்தத் திசையில், எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பது பிடிபட்டுவிடும். மாவட்டவாரியாக வெளியாகும் மூன்று மணி நேர முன்னறிவிப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதில் தரைக்காற்று மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டும் இடிமழை தீவிர வகையில் வைக்கப்படுகிறது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி, நமக்கு அருகில் மின்னல் விழுவதை எச்சரிக்கும். படமெடுக்கப் போகிறவர் கைப்பேசியில் வேறெந்தச் செயலி இல்லாவிட்டாலும் இது இருக்க வேண்டும்.

மேகத்தைக் கண்ணால் படிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். வளர்ந்துகொண்டிருக்கும் இடிமேகத்தின் விளிம்புகள் கூர்மையாக, குமிழ் குமிழாகத் தெரியும். நம் வெப்பமண்டலத்தில் அது 15 கிலோமீட்டருக்கும் மேல் எழும்பி, அதற்குமேல் ஏற முடியாமல் கொல்லன் பட்டறைக்கல்லைப் போலத் தட்டையாகப் பக்கவாட்டில் பரவும். அந்தத் தட்டை தெரிந்துவிட்டால் மின்னல் நிச்சயம். மின்னல்களில் பெரும்பகுதி மேகத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. ஏறக்குறைய நான்கில் ஒன்றுதான் தரைக்கு இறங்குகிறது. நிமிடத்துக்கு நாலைந்து முறை மின்னிக்கொண்டிருந்த மேகம் சட்டென்று இடைவிடாமல் மின்னத் தொடங்கினால், உள்ளே மேலெழும் காற்று வலுத்துவிட்டது என்று பொருள். சூறைக்காற்றோ ஆலங்கட்டியோ பின்தொடரக்கூடும். படமெடுப்பவருக்கு மிகவும் ஆசை காட்டும் நேரமும் அதுவே, ஆகவே கேமரா அதற்கு முன்பே உள்ளிடத்தில் நிலையாக நிற்க வேண்டும்.

மொட்டை மாடி வேண்டாம்

மின்னல் என்றதும் நம் கால்கள் தாமாக ஏறுவது மொட்டை மாடிக்கு. சுற்றிலும் தடையில்லாத வானம், கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொள்ள வசதி, எல்லாம் சரிதான். ஆனால் அந்தச் சூழலில் மிக உயரமாக நிற்கும் பொருள் நாமும் நம் ட்ரைபாடும் தண்ணீர்த் தொட்டியும் மட்டுமே. 2021 ஜூலை 11 அன்று ஜெய்ப்பூரின் ஆமேர் கோட்டைக்கு அருகிலுள்ள காவல்கோபுரத்தில், மழையை ரசித்துக்கொண்டும் செல்ஃபி எடுத்துக்கொண்டும் நின்றவர்கள்மீது மின்னல் விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, அண்மைய ஆண்டுகளில் இந்தியாவில் ஆண்டுக்கு 2,500க்கும் மேற்பட்டோர் மின்னலால் உயிரிழந்திருக்கிறார்கள்.

தூரத்தை அளப்பது எளிது. மின்னல் தெரிந்த கணத்திலிருந்து இடி கேட்கும்வரை விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கிடைக்கும். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் மேகம் பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. அப்போது வெளியில் இருக்கக் கூடாது. உண்மையில், இடி காதில் விழுகிறது என்றாலே நாம் மின்னல் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறோம், ஏனெனில் இடியோசை பொதுவாகப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் கேட்பதில்லை. மேகத்தின் மேற்பகுதியிலிருந்து பக்கவாட்டில் பாய்ந்து, வெயில் அடிக்கும் இடத்தில் இறங்கும் மின்னலோ அந்தத் தூரத்தையும் கடந்து வரக்கூடியது. மேகம் இருக்கும் திசையிலிருந்து திடீரென்று குளிர்காற்று முகத்தில் அறைந்தால் எண்ணிக்கொண்டிருக்கவும் நேரமில்லை.

ஆகவே படமெடுக்க ஏற்ற இடம், கான்கிரீட் கூரையுள்ள வீட்டின் உள்ளறை ஜன்னல். அறை விளக்கை அணைத்துவிட்டு, லென்ஸைக் கண்ணாடிக்கு மிக அருகில் கொண்டுபோய், சுற்றிலும் ஒரு கறுப்புத் துணியைப் போர்த்தினால் கண்ணாடியில் பிரதிபலிப்பு விழாது. நம் வீடுகளின் இரும்புக் கம்பி ஜன்னல்தான் சற்றுத் தொல்லை. இரண்டு கம்பிகளுக்கு நடுவே லென்ஸ் பார்க்கும்படி ட்ரைபாடை நிறுத்தி, கம்பியைக் கையாலோ ட்ரைபாடின் காலாலோ தொடாமல் ஓரடியாவது பின்தள்ளி வைக்க வேண்டும். கம்பி சட்டத்துக்குள் தெரிந்தால், சற்றுக் கூடிய குவியத்தூரமுள்ள லென்ஸைப் போட்டுக்கொள்ளலாம். கேமராவையோ கைப்பேசியையோ சுவர் பிளக்கில் சார்ஜ் போட்டபடி இயக்கக் கூடாது; பவர் பேங்க் போதும். திறந்த பால்கனி உள்ளிடம் ஆகாது. தகரக் கொட்டகையும் பேருந்து நிழற்குடையும் மழைக்கு ஒதுங்க மட்டுமே. மின்னலுக்கு அவை காப்பல்ல.

ஊருக்கு வெளியே போகிறவர்களுக்கு, உலோகக் கூரையுள்ள கார் நல்ல புகலிடம். மின்னோட்டம் வெளி உடலின் வழியாகத் தரைக்குப் போய்விடும் என்பதே அதற்குக் காரணம்; டயரின் ரப்பருக்கு அதில் பங்கில்லை. மரத்தடியையும் மின்கம்பத்தையும் தவிர்த்து, ஏரிக்கரைமேல் ஏறாமல் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கேமராவை டேஷ்போர்டில் பொருத்தி, கதவின் உலோகப் பகுதியைத் தொடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இருசக்கர வாகனத்தில் மின்னலைத் துரத்துவது அறவே கூடாது. யாராவது தாக்கப்பட்டுவிட்டால், அவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. தயங்காமல் தொட்டு, மூச்சும் நாடியும் இல்லையென்றால் உடனே மார்பை அழுத்தி இதய இயக்கத்தை மீட்க முயன்றுகொண்டே 108க்கு அழைக்க வேண்டும்.

நிழற்படம் எடுப்பவருக்கு

இரவில் மின்னலை எதிர்பார்த்துப் பொத்தானை அழுத்துவது வீண். ஷட்டரைத் திறந்து வைத்து, மின்னல் தானாக வந்து பதியக் காத்திருக்க வேண்டும். இங்கே புரிந்துகொள்ள வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மின்னலின் ஒளி நீடிப்பது ஒரு விநாடியின் சிறு பகுதி மட்டுமே என்பதால், ஷட்டர் ஐந்து விநாடி திறந்திருந்தாலும் முப்பது விநாடி திறந்திருந்தாலும் மின்னல்கோடு ஒரே அளவு வெளிச்சத்துடன்தான் பதியும். கோட்டின் வெளிச்சத்தை அப்பெர்ச்சரும் (லென்ஸின் திறப்பளவு; எஃப் எண்ணால் குறிப்பது) ஐஎஸ்ஓவும் (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) தீர்மானிக்கின்றன. ஷட்டர் நேரம் பின்னணியிலுள்ள வானத்தையும் தெருவிளக்கையும் மட்டுமே மாற்றுகிறது. இதைப் பிரித்துப் புரிந்துகொண்டவருக்கு அளவுகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தொடங்குவதற்கு மட்டும் சில எண்கள்: பத்து முதல் இருபது கிலோமீட்டர் தொலைவுக்கு ஐஎஸ்ஓ 200, எஃப்/8, அதற்கும் அப்பால் ஐஎஸ்ஓ 400, எஃப்/5.6, மிக அருகே வந்துவிட்டால் ஐஎஸ்ஓ 100, எஃப்/11. நகர வெளிச்சத்தில் ஷட்டர் ஐந்து முதல் பத்து விநாடி. இருண்ட கிராமத்தில் இருபது, முப்பது விநாடியும் தாங்கும். மழையின் நடுவே ஊரில் மின்சாரம் போய்விட்டால் சலித்துக்கொள்ள வேண்டாம், சென்னையில் கிராமத்து இருட்டு கிடைப்பது அப்போதுதான்.

ஃபோகஸை மேனுவலில் வைத்து, தொலைதூரக் கோபுர விளக்கு ஒன்றைத் திரையில் பெரிதாக்கிக் கூர்மையாக்கிய பின் அதைத் தொடக் கூடாது. ட்ரைபாடில் நிற்கும் லென்ஸின் அதிர்வுக்குறைப்பை அணைத்துவிட வேண்டும். நீண்ட நேரம் ஷட்டர் திறந்திருக்கும் படங்களுக்கான இரைச்சல் (படத்தில் தோன்றும் தேவையற்ற புள்ளிகள்) குறைப்பையும் அணைத்துவிட வேண்டும். அது இயங்கினால் பத்து விநாடிப் படத்துக்குப் பிறகு கேமரா இன்னொரு பத்து விநாடி இருட்டைப் பதிவு செய்துகொண்டிருக்கும், ஆகச்சிறந்த மின்னல் அந்த இடைவெளியில்தான் வெட்டும். கோப்புகளை ரா வடிவில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் வடிவம்) சேமித்து, தொடர் படப்பிடிப்பில் பொத்தானைப் பூட்டிவிட்டால் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளியின்றி வந்துகொண்டிருக்கும். நாம் நாற்காலியில் சாய்ந்து வேடிக்கை பார்க்கலாம். ஒலிம்பஸ், ஓஎம் கேமராக்களிலுள்ள லைவ் காம்போசிட் வசதி, புதிதாக வெளிச்சம் விழுந்த பகுதிகளை மட்டுமே படத்தில் சேர்த்துக்கொண்டு போவதால் மின்னலுக்கென்றே செய்தது போல் அமைந்திருக்கிறது. பகல் மின்னலுக்கு இந்த முறை ஒத்துவராது. ஒளியை உணர்ந்து ஷட்டரை இயக்கும் மின்னல் ட்ரிகர் வேண்டும், அல்லது வீடியோவாக எடுத்து அதிலிருந்து ஒரு சட்டத்தை (ஃப்ரேம்) பிரித்தெடுக்க வேண்டும்.

வீடியோ எடுப்பவருக்கு

கைப்பேசியோ கேமராவோ, தானியங்கி முறையில் விட்டால் இருண்ட வானத்தைப் பார்த்து ஐஎஸ்ஓவை உச்சத்துக்கு ஏற்றிவிடும். மின்னல் வெட்டும் கணத்தில் திரை முழுவதும் வெள்ளையாகிவிடும். ஆகவே வெளிச்ச அளவையும் ஃபோகஸையும் பூட்டி, காட்சி சற்று இருட்டாகவே தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஷட்டர் வேகத்தைப் பொறுத்தவரை, ஒரு சட்டத்துக்குரிய நேரத்தில் பாதியே ஷட்டர் திறந்திருக்க வேண்டும் என்று வீடியோவுக்குச் சொல்லப்படும் வழக்கமான விதியை மீறுவது நல்லது. விநாடிக்கு 25 சட்டங்கள் எடுக்கும்போது ஷட்டரை 1/50 என்று வைத்தால், பாதி நேரம் கேமரா எதையும் பார்ப்பதில்லை. 1/25 என்று வைத்தால் ஒளி விழாத நேரமே இல்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், தெருவிளக்குகளின் படபடப்பும் இந்த 25 சட்டக் கணக்கில் அடங்கிவிடும். பெரும்பாலான சென்சார்கள் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால், சில சட்டங்களில் மேற்பாதி மட்டும் பளிச்சென்றும் கீழ்ப்பாதி இருட்டாகவும் வரும். அதைக் கெட்டுப்போனது என்று அழித்துவிட வேண்டாம். 1/25 வைத்து எடுத்திருந்தால் விடுபட்ட கீழ்ப்பாதி அதற்கு முந்தைய சட்டத்தில் இருக்கும். இரண்டையும் படத்தொகுப்பு மென்பொருளில் 'லைட்டன்' முறையில் (இரண்டில் வெளிச்சமான பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வது) ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் முழு மின்னல் கிடைத்துவிடும்.

விநாடிக்கு 240 சட்டங்கள் எடுக்கும் ஸ்லோமோஷன் வசதி பல கைப்பேசிகளில் இப்போது இருக்கிறது. தரைக்கு இறங்கும் ஒரு மின்னலில் பொதுவாக மூன்று நான்கு வெட்டுகள், ஒவ்வொன்றுக்கும் இடையே ஏறக்குறைய 40, 50 மில்லிவிநாடி இடைவெளியில், அதே பாதையில் பாயும். கண்ணுக்கு அது வெறும் துடிப்பு. 240 சட்டங்களில் ஓட்டிப் பார்த்தால் ஒவ்வொரு வெட்டும் தனியே எரிந்து அடங்குவது தெரியும். வாய்ப்பிருந்தால், முதல் வெட்டுக்கு முந்தைய நாலைந்து சட்டங்களில், மங்கலான கிளைகள் தரையைத் தேடிப் படிப்படியாக இறங்குவதும் தெரியும். எல்லாக் கிளைகளும் மங்கலாக இருக்க, தரையைத் தொட்ட ஒரே கிளை அடுத்த சட்டத்தில் கண்கூசப் பற்றிக்கொள்ளும். மின்னல் வீடியோவில் இதைவிடப் பார்க்கத் தக்கது வேறில்லை என்பது என் எண்ணம். ஸ்லோமோஷனுக்கு வெளிச்சம் மிகுதியாக வேண்டும் என்பதால் இருட்டில் நிலக்காட்சி பதியாது. அதற்கு இன்னொரு கருவியைச் சாதாரண வேகத்தில் ஓடவிட வேண்டும். ஒலியையும் சேர்த்துப் பதிவு செய்தால், மின்னல் சட்டத்துக்கும் இடியின் தொடக்கத்துக்கும் உள்ள நேரத்தைக் காலக்கோட்டில் அளந்து, அந்த மின்னல் எத்தனை கிலோமீட்டரில் விழுந்தது என்று பின்னர் கணக்கிடலாம்.

மழை நின்றதும் கேமராவை மூட வேண்டாம். மேகக்கூட்டத்தின் பின்பகுதியில் விரிந்து கிடக்கும் தட்டை மேகத்தின் அடிப்பரப்பில், மின்னல் கிளை பிரிந்து ஊர்ந்து, ஓரிரு விநாடிகள் வானத்தின் பாதியைக் கடந்து போகும் காட்சி அப்போதுதான் கிடைக்கும். இவ்வகைக் கிடைமட்ட மின்னல்கள் எவ்வளவு நீளக்கூடும் என்பதற்கு, உலக வானிலை அமைப்பு ஏற்றுக்கொண்ட சாதனையே சான்று: 2017 அக்டோபர் 22 அன்று அமெரிக்காவில், டெக்சஸின் கிழக்குப் பகுதியிலிருந்து கான்சஸ் சிட்டி அருகே வரை 829 கிலோமீட்டர் நீண்ட ஒரே மின்னல். ஊர்ந்து போகும் மின்னலுக்கு அகலக் கோண லென்ஸும் வீடியோவும் பொருத்தம். இதையும் ஜன்னலுக்குள் இருந்தே எடுக்க வேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகும்வரை வெளியே போகக் கூடாது, இடையில் ஓர் இடி கேட்டால் எண்ணிக்கையை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

படத்தைப் பகிரும்போது இடம், தேதி, நேரம், கேமரா பார்த்த திசை ஆகிய நான்கையும் குறிப்பிட்டால், ரேடார் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு உதவும். அரைமணி நேரத்தில் எடுத்த பல படங்களை அடுக்கி ஒரே வானத்தில் பத்து மின்னல்கள் விழுவதுபோல் செய்திருந்தால், அது அடுக்கிய படம் என்பதையும் அதே வரியில் எழுதிவிட வேண்டும்.