கரேலிய மூதாதையரைத் தேடுவது எப்படி? (நடுவே ஒரு பன்னிரண்டு நாள் தகராறு)

என் மனைவி பின்லாந்துக்காரர். மாமியாருடைய பாட்டி பின்லாந்து-ரஷ்ய எல்லையை ஒட்டிய கரேலியாவில், லதோகா ஏரிக்கு வடக்கே சுயிஸ்தமோ என்ற ஊரில் பிறந்தவர். அவரை இரோ என்று கூப்பிடுவார்களாம், பிறந்தநாள் 1890 ஜனவரி 9. கையில் இருந்த தகவல் இவ்வளவுதான். இரண்டாம் உலகப்போரில் அந்தப் பகுதி சோவியத் வசம் போய்விட்டது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கரேலியர்கள் மூட்டை முடிச்சோடு பின்லாந்தின் உட்பகுதிகளுக்குக் கிளம்பினார்கள். "பதிவேடெல்லாம் எரிஞ்சிருக்கும், விடுங்க மாப்பிள்ளை" என்கிற தோரணையில்தான் மாமியார் பேசினார். அப்படி இல்லை. சர்ச் பதிவேடுகளில் பெரும்பகுதியையும் ஜனங்கள் கிளம்பியபோதே அப்புறப்படுத்திவிட்டார்கள். அவை பின்லாந்தின் மிக்கெலி நகரில் உள்ள ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தன.

படி 1: எந்தக் கரேலியா?

பின்லாந்து இழந்த பகுதி என்றால் பின்னிஷ் ஆவணங்களே போதும். கரேலியாவின் கிழக்குப் பகுதிகளான அவுனுஸ், வியெனா பக்கம் என்றால் அவை எப்போதும் ரஷ்யாவோடு இருந்தவை. பெத்ரோசவோத்ஸ்க், அர்காங்கெல்ஸ்க் காப்பகங்களைத்தான் அணுக வேண்டும். மாகாணப் பெயரோடு நிறுத்தாமல் ஊர்ப் பெயர் வரை கேட்டு வையுங்கள்.

படி 2: எந்தச் சர்ச்?

1617-இல் ஸ்தோல்பவா உடன்படிக்கையால் சுயிஸ்தமோ இருக்கும் பகுதி ரஷ்யாவிடமிருந்து ஸ்வீடன் கைக்குப் போனது. ஆர்த்தடாக்ஸ் கரேலியர்கள் ஏராளமானோர் ரஷ்யாவுக்குள் போய்விட, காலியான நிலத்தில் லூத்தரன் குடியேறிகள் வந்தார்கள். அப்படியும் சல்மி, சுயிஸ்தமோ போன்ற ஊர்களில் ஆர்த்தடாக்ஸ் மக்கள் நிலைத்திருந்தார்கள். ஆகவே ஒரே ஊருக்கு இரண்டு சபை, இரண்டு வரிசைப் பதிவேடுகள். லூத்தரன் ஏட்டிலேயே துழாவி நான் இரண்டு மாதம் வீணாக்கினேன்.

படி 3: கதிஹாவில் தேடுங்கள்

இழந்த கரேலியாவின் சர்ச் பதிவுகளைத் தட்டச்சு செய்து சேர்த்த தரவுத்தளம் இது. சபை, ஆண்டு இரண்டையும் போட்டுப் பட்டியலை அப்படியே படிப்பது என் வழக்கம். குடும்பப் பெயரைப் போட்டுத் தேடினால் எழுத்து வேறுபாட்டில் பாதி தப்பிவிடும். பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் அப்பா வீட்டுக் குடும்பப் பெயரோடுதான் பழைய ஏடுகளில் இருப்பார்கள்.

வீட்டுப் பெயரும் ஏட்டுப் பெயரும் வேறு. இரோ ஏட்டில் இரினா. இவான் வீட்டில் ஈவனா, பியோதர் ஹுவோதரி. சுப்பிரமணியனை மணி என்கிறோமே, அதே கதை.

படி 4: தேதி

நான் குப்புற விழுந்த இடம் இதுதான். 1890-ஆம் ஆண்டு ஞானஸ்நானப் பட்டியல் முழுக்க மூன்று முறை பார்த்தேன். பாட்டி இல்லவே இல்லை. ஊரையே தப்பாகச் சொல்லிவிட்டார்களோ என்று பக்கத்து சபைகளையும் பார்த்தேன்.

கோளாறு நாள்காட்டியில் இருந்தது. பின்லாந்தின் லூத்தரன்கள் 1753-லேயே கிரெகோரியன் நாள்காட்டிக்கு மாறிவிட்டார்கள். ஆர்த்தடாக்ஸ் ஏட்டில் ஓடியது ஜூலியன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜூலியன் தேதி 12 நாள் பின்தங்கி இருந்தது, 1900 மார்ச்சிலிருந்து 13. ஜனவரி 9-இல் பன்னிரண்டைக் கழித்தால் 1889 டிசம்பர் 28. ஆண்டே மாறிவிடுகிறது! 1889 ஏட்டின் கடைசிப் பக்கத்தில், கீழிருந்து நான்காவது வரியில் இரினா இருந்தார். அப்பா பெயர், அம்மா பெயர், ஞானப் பெற்றோர், ஊர், எல்லாம் அச்சடித்த கட்டங்களுக்குள் ரஷ்யக் கையெழுத்தில்.

ஜனவரியில் பிறந்தவர்களைத் தேடும்போது முந்தைய ஆண்டு டிசம்பரையும் பாருங்கள்.

படி 5: மூல ஏட்டுக்குப் போங்கள்

தட்டச்சில் பிழை வரும். ஏட்டின் படத்தைப் பார்க்காமல் எதையும் குடும்ப மரத்தில் ஏற்றாதீர்கள். லூத்தரன் குடும்பமாக இருந்தால் உங்களுக்கு யோகம்தான்: ரிப்பிகிர்யா என்ற நற்கருணைப் பதிவேட்டில் ஒரு வீட்டார் மொத்தமும், ரேஷன் கார்டு மாதிரி, ஒரே இடத்தில் இருப்பார்கள். யார் எந்த ஊருக்குப் போனார்கள் என்றும் குறித்திருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மொழி ஸ்வீடிஷ். பத்துப் பதினைந்து சொல் பழகினால் போதும்.

மரம் போட நான் கிராம்ப்ஸ் மென்பொருள்தான் வைத்திருக்கிறேன். இலவசம், கோப்பு நம் கணினியிலேயே இருக்கும். கட்டணத் தளங்களில் மற்றவர்கள் போட்டு வைத்த மரங்களைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் அம்மாவுக்கு மகளைவிட நான்கு வயதுதான் அதிகம்.

பின்சேர்க்கை: ரஷ்யாவின் ட்வேர் நகரில் மருத்துவம் படித்த வாசகர் ஒருவர், தன் மனைவி வீட்டாரும் கரேலியர்கள், ஆனால் கதிஹாவில் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார். கிடைக்க மாட்டார்கள். 1617-க்குப் பிறகு ரஷ்யாவுக்குள் போனவர்களின் வழிவந்தவர்கள் ட்வேர் கரேலியர்கள். அவர்களுக்கு ட்வேர் காப்பகத்தின் சர்ச் ஏடுகளும், வரிக்காக 1719 முதல் 1858 வரை பத்து முறை எடுத்த ரெவிசியா கணக்கெடுப்புப் பட்டியல்களும்தான் வழி. பட்டியலில் முந்தைய கணக்கெடுப்பின்போது இருந்த வயதும் இருக்கும். பின்னோக்கிப் போக வசதி. ஆனால் பெண்கள் பெயர் எல்லாப் பட்டியலிலும் இருக்காது.